பிறந்த நாட்டைக் கொண்டு எண்ணும் வரிசை

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே நிரந்தர வதிவுரிமைக்கு, அதாவது வழக்கில் கிரீன் கார்டு எனப்படும் நிலையான குடியிருப்பு அனுமதிக்கு, விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இந்தியர்களைப் பற்றி அந்நாட்டிலும் தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ ஒரே கருத்துதான் நிலவுகிறது. வரிசை என்று ஒன்று இருந்தால் முறை வரும்வரை நிற்கத்தான் வேண்டும், இந்தியாவிலிருந்து போனவர்கள் மிகுதி என்பதால் அவர்களுக்கு நேரமாகிறது, எல்லா நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு இருக்கும்போது பாரபட்சத்துக்கு அங்கே இடமில்லை, பொறுக்க முடியாதவர்கள் ஊர் திரும்பலாம் என்பது அதன் சாரம். நியாயமான பேச்சாகத் தோன்றுவதால் யாரும் இதை மறுத்துப் பேசுவதில்லை. காத்திருப்பவர்களே கூடத் தங்கள் நிலைமையைத் தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஆனால் சட்டத்தையும் அது செயல்படும் விதத்தையும் எடுத்துவைத்துப் பார்த்தால் இக்கருத்தின் ஒரு பகுதிகூட நிற்காது. முந்தி வந்தவர் முந்திப் பெறும் வரிசை அங்கே இல்லை. ஒருவர் எந்த மண்ணில் பிறந்தார் என்பதைக் கொண்டு அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதியை முடக்கும் ஏற்பாடு ஒன்றுதான் இருக்கிறது.

முதலில் நடைமுறையைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பணியாளர் ஒருவர் தாமாக விண்ணப்பிப்பது அரிது. பெரும்பாலும் அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமே அவருக்காக மூன்று படிகளைக் கடக்க வேண்டும். பெர்ம் எனப்படும் முதற்படியில், அந்த வேலைக்கு அப்பகுதியில் வழங்கும் ஊதியத்தைத் தொழிலாளர் துறையிடம் நிர்ணயம் செய்துகொண்டு, நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, தகுதியுள்ள அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்பதை நிறுவனம் மெய்ப்பிக்கிறது. ஐ-140 எனப்படும் இரண்டாம் படியில், அந்தப் பணியாளருக்கு உரிய கல்வியும் அனுபவமும் உண்டு என்பதைக் குடியேற்றச் சேவைத் துறை ஆராய்ந்து ஒப்புக்கொள்கிறது. ஐ-485 எனப்படும் மூன்றாம் படியில்தான் கிரீன் கார்டு கைக்கு வரும். பெர்ம் விண்ணப்பம் பதிவான நாள் அந்த மனிதருடைய முன்னுரிமை நாளாகிறது. காத்திருப்பவர்கள் இதைப் பிரயாரிட்டி டேட் என்றே சொல்வார்கள். வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டின் என்ற அட்டவணையில் உள்ள தேதி அந்த நாளைத் தாண்டும்போதுதான் மூன்றாம் படி நிறைவேறும். எனவே இரண்டாம் படியைக் கடந்து காத்திருக்கும் ஒவ்வொருவரும் அமெரிக்க அரசின் இரு துறைகளால் ஏற்கெனவே தகுதியானவர் என்று உறுதிசெய்யப்பட்டவர். அவரிடம் குறை ஏதும் இல்லை. அவருக்குக் கொடுக்க ஓர் எண் இல்லை, அவ்வளவுதான்.

அந்த எண் ஏன் இல்லை என்பதில்தான் அநீதி தொடங்குகிறது. 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வேலைவாய்ப்பு வழியான கிரீன் கார்டுகளை ஆண்டுக்கு 1,40,000 என்று வரையறுத்தது. முதுகலைப் பட்டமோ அதற்கு நிகரான அனுபவமோ உடையவர்களுக்கான இபி-2 என்னும் பிரிவுக்கு இதில் 28.6 விழுக்காடு, அதாவது சுமார் 40,000, சேரும். அதோடு, எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற உச்சவரம்பும் உண்டு. இதன்படி இபி-2 பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு உறுதியாகக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 2,800. மற்ற நாட்டினர் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சினால் கூடுதலாகச் சில ஆயிரம் கிடைக்கலாம். மிஞ்சாத ஆண்டில் அதுவும் இல்லை. 2025 ஜனவரி மாத அட்டவணையில் இபி-2 பிரிவில் இந்தியாவுக்கான தேதி 2012 அக்டோபர் 1. பெரும்பாலான பிற நாடுகளுக்கான தேதி 2023 ஏப்ரல் 1. அதே பிரிவில், அதே கல்வியோடு, 2023 மார்ச்சில் விண்ணப்பித்த பிரேசில்காரர் கிரீன் கார்டு பெறும் மாதத்தில் 2012 நவம்பரில் விண்ணப்பித்த இந்தியர் இன்னும் காத்திருக்கிறார். பத்தாண்டு பிந்தி வந்தவர் முந்திப் போகும் இந்த ஏற்பாட்டில் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்வதற்கு யாருக்கும் தகுதி இல்லை.

இங்கே நாடு என்று சட்டம் குறிப்பது குடியுரிமையை அன்று, பிறந்த இடத்தை. இந்த ஒரு விதியின் விளைவுகளைத் தமிழர்களை வைத்தே காணலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் இலங்கைக் கணக்கில் சேர்வதால் பொது வரிசையில் விரைந்து நகர்கிறார். தஞ்சாவூரில் பிறந்தவர், இருவரும் ஒரே அலுவலகத்தில் ஒரே வேலையைச் செய்தாலும், இந்தியக் கணக்கில் முடங்குகிறார். பெற்றோர் பிழைக்கப் போன துபாயில் பிறந்த பிள்ளை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், ஐக்கிய அரபு அமீரகத்தின் கணக்கில் போகும். அவருக்கு இரண்டாண்டு முன்னால் திருச்சியில் பிறந்த அண்ணன் போகமாட்டார். கைக்குழந்தையாகக் கனடாவுக்குப் போய், அங்கேயே படித்து, கனடாவின் குடிமகனாகவே வளர்ந்தவரும் மதுரையில் பிறந்திருந்தால் இந்தியர்தான். கணவன் மனைவியரில் ஒருவருடைய பிறந்த நாட்டை மற்றவர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே அந்தத் தஞ்சாவூர்க்காரர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண்ணை மணந்திருந்தால் அவருடைய பத்தாண்டுக் காத்திருப்பு ஒரே நாளில் கரைந்துவிடும். அவருடைய திறமையிலோ உழைப்பிலோ நாட்டுக்கு அவர் தரும் பயனிலோ அன்று எதுவும் மாறியிருக்காது. எதை அளப்பதாகச் சொல்லி இந்த ஏற்பாடு நடத்தப்படுகிறதோ அதை அது அளப்பதே இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு என்பதுதானே சமத்துவம் என்ற வாதம் இவ்விடத்தில் எழும். இது நாடுகளுக்கிடையே சமத்துவமாக இருக்கலாம். ஆனால் கிரீன் கார்டு கேட்பது நாடு அன்று, மனிதர். வேலைவாய்ப்பு வழிக் குடியேற்றத்தின் அடிப்படையே தனிமனிதரின் தகுதி. அதில் அவர் எத்தனை பேரோடு சேர்ந்து ஒரு நாட்டில் பிறந்தார் என்ற கணக்கைப் புகுத்தினால், 140 கோடி மக்களுள் ஒருவராகப் பிறந்ததே அவர் செய்த குற்றம் என்றாகிறது. இந்த உச்சவரம்பின் வரலாறும் நினைக்கத்தக்கது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய மூலத்தைக் கொண்டு ஐரோப்பியரைத் தரம் பிரித்து, ஆசியரை அறவே விலக்கியது. 1946இல் லூஸ்-செல்லர் சட்டம் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று வாசலைச் சற்றே திறந்தது. அதே இமானுவேல் செல்லர் முன்னின்று கொண்டுவந்த 1965ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய மூல ஒதுக்கீட்டை ஒழித்தது; குடியேற்ற விசா வழங்குவதில் இனம், பால், தேசியம், பிறந்த இடம், வாழும் இடம் ஆகியவற்றைக் கொண்டு யாருக்கும் சலுகையோ பாகுபாடோ காட்டக்கூடாது என்று ஒரு பிரிவையும் எழுதியது. அந்தப் பிரிவின் வாயிலிலேயே, நாட்டு உச்சவரம்பு நீங்கலாக, என்ற விலக்கும் நிற்கிறது. பிறந்த இடத்தால் பாகுபாடு கூடாது, ஆனால் பிறந்த இடத்தால் எண்ணலாம் என்று ஒரே சட்டம் ஒரே மூச்சில் சொல்கிறது. 100 என்ற எண்ணோடு ஒப்பிடும்போது 1965இன் ஏற்பாடு பெரும் முன்னேற்றம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த முன்னேற்றத்தின் பெயரால் அதில் எஞ்சிய பழைய கணக்கையும் சேர்த்துக் காப்பாற்றுவதுதான் தவறு.

உச்சவரம்பு நீக்க முடியாத கொள்கை என்றும் சொல்ல இயலாது, ஏனெனில் அமெரிக்கக் காங்கிரஸே தேவைப்பட்ட இடத்தில் அதைத் தளர்த்தியிருக்கிறது. அமெரிக்கக் குடிமக்களின் மனைவி அல்லது கணவருக்கு நாட்டு வரம்பும் இல்லை, ஆண்டு வரம்பும் இல்லை. நிரந்தர வதிவாளர்களின் துணைவருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உரிய பிரிவில் நான்கில் மூன்று பங்கு இடங்கள் நாட்டு வரம்புக்கு வெளியே வழங்கப்படுகின்றன. குடும்பம் என்று வரும்போது பிறந்த நாட்டைப் பார்க்க வேண்டாம் என்று முடிவுசெய்ய முடிந்தவர்களுக்கு, தகுதி என்று வரும்போது மட்டும் அது ஏன் முடியாமற்போனது? பன்முகத்தன்மையைக் காக்கவே வரம்பு என்பாரும் உண்டு. அதற்கென்றே அதே 1990ஆம் ஆண்டுச் சட்டம் குலுக்கல் முறையில் 55,000 விசாக்களைத் தனியாக உண்டாக்கியது. மிகுதியாகக் குடியேறுவோரைக் கொண்ட இந்தியா போன்ற நாடுகளுக்கு அதில் இடமே இல்லை. ஒரே நோக்கத்துக்காக ஒரே மக்களை இரு வழிகளில் விலக்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்பதை வரம்பின் ஆதரவாளர்கள் விளக்கியதில்லை.

இந்தியர்கள் மிகுதியாகப் போனதன் விளைவு இது என்னும் பேச்சு காரணத்தைத் தலைகீழாகச் சொல்கிறது. எச்-1பி என்னும் தற்காலிகப் பணி விசாவுக்கு நாட்டு வரம்பே கிடையாது. ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000 என்ற மொத்த வரம்புதான் உண்டு. ஒப்புதல் பெறுவோரில் பத்துக்கு ஏழு பேர் என்ற அளவில் இந்தியர்கள். உழைக்க அழைக்கும் வாசலில் பிறந்த நாட்டைக் கேட்காத அரசு, தங்கவைக்கும் வாசலில் அதை மட்டுமே கேட்கிறது. இரு வாசல்களுக்கும் இடையே தேங்குவது மனிதர்கள். கேட்டோ ஆய்வு நிறுவனத்தின் டேவிட் பியர் 2023இல் செய்த கணக்கின்படி, வேலைவாய்ப்பு வழியில் தேங்கிய சுமார் 18 லட்சம் பேரில் 11 லட்சம் பேர் இந்தியர்கள். புதிதாகச் சேரும் இந்தியர் ஒருவர் காத்திருக்க வேண்டிய காலம் 134 ஆண்டுகள். மனித ஆயுளைத் தாண்டிய ஒரு காலத்தைக் காத்திருப்பு என்று அழைப்பதும் தகாது, அது மறுப்பு.

எச்-1பி தற்காலிக விசாதானே, நிரந்தரமாகத் தங்கவைப்பதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லையே என்று சிலர் கேட்கின்றனர். அதே 1990ஆம் ஆண்டுச் சட்டம், எச்-1பியில் வருபவர் நிலையாகத் தங்கும் எண்ணத்தையும் வெளிப்படையாகக் கொண்டிருக்கலாம் என்று அனுமதித்தது. ஆறாண்டு உச்சம் என்றிருந்த அந்த விசாவை, ஐ-140 ஒப்புதல் பெற்று எண்ணுக்காகக் காத்திருப்பவர்களுக்கு மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டே போகலாம் என்று 2000ஆம் ஆண்டில் காங்கிரஸ் வழிவகுத்தது. உதவியாகச் செய்யப்பட்ட ஏற்பாடுதான் இது. அதன் விளைவாகப் பதினைந்து ஆண்டுகள் வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளை வளர்த்த பிறகும் ஒருவர் சட்டத்தின் கண்ணில் தற்காலிகமானவராகவே இருக்கிறார்.

தேதி மெல்ல நகர்ந்தாலும் ஒருநாள் வந்துசேரும் என்ற ஆறுதலும் பொய்யாகிவிட்டது, ஏனெனில் விசா புல்லட்டினின் தேதி பின்னோக்கியும் போகும். இதை ரெட்ரொகிரெஷன் என்பார்கள். கொரோனா காலத்தில் பயன்படாத குடும்ப விசாக்கள் சட்டப்படி வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்துசேர, 2022ஆம் நிதியாண்டில் இடங்கள் சுமார் 2,81,000 ஆகப் பெருகின. 2022 செப்டம்பரில் இபி-2 இந்தியத் தேதி 2014 டிசம்பர் 1 வரை வந்தது. கூடுதல் இடங்கள் தீர்ந்ததும், அதே ஆண்டு டிசம்பரில், அது 2011 அக்டோபர் 8க்குப் பின்வாங்கியது. மூன்றே மாதத்தில் மூன்றாண்டுக்கு மேல் பறிபோனது. அதற்கு முந்திய நிதியாண்டிலோ, வழங்கியிருக்கக்கூடிய 66,000க்கும் மேற்பட்ட இடங்கள் அலுவலகத் தாமதத்தால் யாருக்கும் பயன்படாமல் காலாவதியாயின. 2007 ஜூலையில் எல்லாத் தேதிகளையும் திறந்துவிடுவதாக அறிவித்து, மக்கள் மருத்துவச் சோதனை முடித்துக் கோப்புகளோடு ஆயத்தமான பிறகு மாத முதலிலேயே அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டபோது, காத்திருந்தவர்கள் குடியேற்றத் துறையின் இயக்குநருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகளை அனுப்பி அறவழியில் எதிர்ப்புத் தெரிவித்தனர். இரண்டு வாரத்தில் அரசு பணிந்தது. காத்திருப்பவர்கள் குரல் எழுப்பிய அரிய தருணங்களுள் அது ஒன்று.

இந்தத் தேக்கத்தால் நன்மை அடைவோர் இல்லாமல் இல்லை. ஐ-485 வரை எட்டாத பணியாளர் வேலை மாறினால் புதிய நிறுவனம் பெர்மிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பழைய தேதி கைவிட்டுப் போகாது என்றாலும், அந்தச் செலவையும் தாமதத்தையும் ஏற்க எல்லா நிறுவனங்களும் முன்வருவதில்லை. வேலை போனால் அறுபது நாளுக்குள் மாற்று வேலை தேட வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இந்நிலையில் இருப்பவர் ஊதிய உயர்வு கேட்கத் தயங்குவார், கூடுதல் வேலையை மறுக்கத் தயங்குவார், மேலாளரின் தவற்றைச் சுட்டத் தயங்குவார். இந்தியப் புறப்பணி நிறுவனங்கள் எச்-1பியைத் தவறாகப் பயன்படுத்துகின்றன, ஆகவே வரம்பு தேவை என்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. முறைகேடு இருக்குமானால் அதை ஊதிய விதிகளாலும் சோதனைகளாலும் முதல் வாசலிலேயே தடுக்க வேண்டும். கட்டுண்ட பணியாளரை விரும்பும் நிறுவனத்துக்கு, அவரை இருபது ஆண்டு கட்டிவைத்துத் தரும் வரம்பைவிடச் சிறந்த பரிசு இருக்க முடியாது.

துணைவர் நிலைமை இதைவிடக் கொடியது. பேசப்படுவதோ இதைவிடக் குறைவு. எச்-1பி பணியாளரின் மனைவி அல்லது கணவர் எச்-4 என்னும் சார்பு விசாவில் வருகிறார். பொறியியலோ மருத்துவமோ படித்துச் சொந்த வருமானத்தோடு இருந்தவரானாலும் அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று, முதன்மைப் பணியாளரின் ஐ-140 ஒப்புதல் பெற்றிருந்தால் துணைவர் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. அட்டை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள். காங்கிரஸ் இயற்றிய சட்டமாக இல்லாமல் நிர்வாக விதியாக மட்டும் இருந்ததால், அது பிறந்த நாள் முதலே வழக்கில் சிக்கியது. 2017இல் வந்த நிர்வாகம் அதை நீக்கப்போவதாகவே அறிவித்து, ஆண்டுக்கணக்கில் அந்த அச்சத்தைத் தொங்கவிட்டிருந்தது. இப்பெண்கள் தாமே விரும்பி வந்தவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. மூன்றாண்டு, நான்காண்டு என்று நம்பி வந்த ஒருவர் தம் தொழில்வாழ்வின் மையப் பதினைந்து ஆண்டுகளை இழப்பார் என்று அவருக்கு எந்தத் தூதரகமும் சொல்லி அனுப்பவில்லை.

சார்பு என்றால் என்ன என்பதைக் கான்சாஸ் மாநிலத்து ஓலேத்தா நகரில் 2017 பிப்ரவரியில் நடந்த கொலை அம்பலமாக்கியது. இனவெறியால் சுட்டுக்கொல்லப்பட்ட ஐதராபாத் பொறியாளரின் மனைவி, கணவருடைய விண்ணப்பத்தை ஒட்டியே அங்கே வாழ்ந்தவராதலால், அவர் இறந்த கணமே தங்கும் உரிமையையும் இழந்தார். இறுதிச் சடங்குக்காக இந்தியா வந்தவர் திரும்பிப் போவதற்குக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் தலையிட வேண்டியிருந்தது. உலகச் செய்தியாகாத மாரடைப்பிலும் சாலை விபத்திலும் கணவரை இழக்கும் பெண்களுக்கு அப்படித் தலையிட யாரும் இல்லை. மணமுறிவுக்கும் இது பொருந்தும்: கொடுமை செய்யும் கணவனை விட்டு விலகினால் விசாவும் விலகும் என்று அறிந்த பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள்? இந்தியாவில் பிறந்து பெற்றோரோடு சென்ற பிள்ளைகளுக்கோ இருபத்தோராம் வயதில் சார்பு நிலை முடிகிறது. 2002ஆம் ஆண்டின் குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம் சில மாதங்களை வயதிலிருந்து கழிக்க உதவினாலும், பத்தாண்டுத் தேக்கத்தை அதனால் ஈடுகட்ட இயலாது. அமெரிக்கப் பள்ளியிலேயே படித்து வளர்ந்த மூத்த பிள்ளை மாணவர் விசா தேட வேண்டும் அல்லது வெளியேற வேண்டும். அதே வீட்டில் அங்கே பிறந்த தங்கை குடிமகள்.

ஊர் திரும்பலாமே என்பவர்களுக்கு இதுவே பாதி விடை. மீதிப் பாதி பணத்தில் இருக்கிறது: இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை இல்லாததால், பத்தாண்டு கட்டுமுன் திரும்புபவர் அதுவரை கட்டிய ஓய்வூதியப் பங்கை இழந்தே வர வேண்டும்.

எதிர்த்தரப்பில் உள்ளவற்றுள் மதிக்கத்தக்க வாதம் ஒன்றே ஒன்றுதான். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் நாட்டு வரம்பை மட்டும் நீக்கினால், சில ஆண்டுகளுக்கு ஏறத்தாழ எல்லா இடங்களும் தேங்கிய இந்தியர்களுக்கே போகும், பிலிப்பைன்ஸ் செவிலியரும் ஈரானியப் பொறியாளரும் புதிதாகக் காத்திருக்க நேரும் என்பது அது. இது உண்மை. 2019 ஜூலையில் 365க்கு 65 என்ற வாக்கில் கீழவையில் நிறைவேறிய வரம்பு நீக்க மசோதாவும், 2020 டிசம்பரில் எதிர்ப்பின்றி மேலவையில் நிறைவேறிய அதன் மாற்று வடிவமும் ஒன்றுசேராமல் காலாவதியானதற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம். ஆனால் இந்த வாதத்திலிருந்து வரம்பு நியாயமானது என்ற முடிவு பிறக்கவில்லை. ஒரு சிலரே சுமக்கும் பாரத்தை எல்லோரும் பகிர்ந்தால் எல்லோருக்கும் வலிக்கும் என்பதுதான் அதிலிருந்து கிடைப்பது. எல்லோருக்கும் வலித்திருந்தால் 1990இல் எழுதிய 1,40,000 என்ற எண் முப்பதாண்டுக்கு மேல் அப்படியே கிடந்திருக்காது. பெரும்பாலும் இந்தியர்களே தாங்குவதால்தான் மற்றவர்களுக்கு அந்த எண்ணின் போதாமை தெரியவில்லை.

அந்த எண்ணே முழுமையாகப் பணியாளர்களைச் சென்றடைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1,40,000 இடங்களில் பாதிக்கு மேல் பணியாளர்களின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் செலவாகிறது. நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று நான்கு இடங்களைத் தின்றுவிடுகிறது. பணியாளரை மட்டும் எண்ணினால், மொத்தத்தையும் உயர்த்தாமல், பிற நாட்டவரையும் பின்தள்ளாமல், ஆண்டுதோறும் தீரும் விண்ணப்பங்கள் இரு மடங்குக்கு மேல் ஆகும். குடும்பத்தினர் முதன்மைப் பணியாளரோடு அதே நிலையையும் அதே வரிசைமுறையையும் பெறுவர் என்றுதான் சட்டத்தின் 203(டி) பிரிவு சொல்கிறதே தவிர, அவர்களையும் தனித்தனியே கணக்கில் கழிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை எனச் சட்ட அறிஞர் சிலர் வாதிடுகின்றனர். இந்த வாசிப்பு சரியானால் காங்கிரஸில் புதிய வாக்கெடுப்பு எதுவும் வேண்டியதில்லை. வெள்ளை மாளிகையில் இருப்பவர் எண்ணும் முறையை மாற்றும்படி தம் துறைகளுக்குக் கட்டளையிட்டால் போதும். 1990க்குப் பின் அந்த மாளிகைக்கு வந்த இரு கட்சியினரும், தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சியைத் தங்கள் சாதனையாகப் பேசிக்கொண்டே, அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.